எரிந்த கூரையும் எரிக்கும் கூரையும்

போன சித்திரையில் ஒரு ராத்திரி ஊருக்குப் போயிருந்தேன். மணி பதினொன்று. காலனித் தெருவில் கால் வைக்க இடமில்லை. சிமெண்ட் ரோட்டில் தண்ணீர் தெளித்து, சாக்கும் பாயும் விரித்து, தெருவே வெளியில் படுத்துக்கிடந்தது. குழந்தைகள், கிழவிகள், கல்யாணமான பெண்கள், வயசுக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும். எங்கள் தொகுப்பு வீட்டு வாசலில் அம்மா பனையோலை விசிறியால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'உள்ள ஃபேன் இருக்குதே, உள்ள படுத்தா இன்னாம்மா?' என்று கேட்டேன்.

'ஃபேனா? அது மேல கீற நெருப்ப வாரி கீழ கொட்டுதுடா. உனக்கின்னா தெரியும், நீ பேங்குல குளுரக் குளுர உக்காந்துனு கீற.'

அம்மா சொன்னது உண்மை. நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் கிளையில் ஏசி இருபதில் ஓடுகிறது. பக்கத்துக் கவுண்டரில் இருக்கிற அக்கா மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார். கதவுக்கு வெளியே காவலுக்கு நிற்கிறவர் ஏஜென்சி மூலம் வந்தவர், நம்ம ஆள். ஏசியின் வெளிப்பெட்டி எங்கே அனலைத் துப்புகிறதோ, அதற்குக் கீழேதான் அவருடைய ஸ்டூல். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை தோழர்களே. உள்ளே இருக்கிறவன் சூட்டை எடுத்து வெளியே இருக்கிறவன் மேல் கொட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. இந்த ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள நமக்குப் பௌதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. ஊரும் சேரியும் இப்படித்தானே இருக்கின்றன.

கிளைக்குப் பக்கத்தில் ஏடிஎம் அறை. இரண்டு ஏசி, ஒன்று மாற்றி ஒன்று, ராத்திரி பகல் ஓடும். மனிதர் யாரும் இல்லாத அறைக்குக் குளிர்ச்சி. கணக்குப் போடுவது என் பிழைப்பு என்பதால் போட்டுப் பார்த்தேன். மணிக்கு ஒரு யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24. நாலு நாளில் ஏறத்தாழ 100. எங்கம்மா வீட்டில் இரண்டு மாசத்துக்கு அரசு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டே முழுசாகச் செலவாவதில்லை. ஆளில்லாத அறை நாலு நாளில் தின்பதை என் அம்மா அறுபது நாளிலும் தின்பதில்லை. இன்றைக்கு இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் சராசரியாக முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயுவோடு வருகிறது, பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால். அந்த அறை மாசத்துக்கு அரை டன் புகையை எங்கேயோ ஒரு அனல்மின் நிலையத்தின் வழியாக வானத்துக்கு அனுப்புகிறது. அந்தச் சாம்பல் எண்ணூரில் மீனவர்களின் ஆற்றில் விழுகிறது. அந்த வெப்பம் எங்கம்மாவின் கூரையில் இறங்குகிறது.

கட்டடங்களில் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும், புகையைக் குறைக்க வேண்டும், உள்ளாட்சிகள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். 2050க்குள் நிகரப் புகை இல்லாத நகரமாவது என்று சென்னை மாநகராட்சி 2023இல் ஒரு காலநிலைத் திட்டமே வெளியிட்டது. நல்லது. எனக்கு ஒரே ஒரு கேள்வி. எந்தக் கட்டடத்திலிருந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள்?

*

சில மாசங்களுக்கு முன்பு ஒரு சூழலியல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசியவர் நல்ல மனிதர், கதர்ச் சட்டை. 'கான்கிரீட்தான் நம் காலத்தின் சாபம். நம் முன்னோர் மண் சுவர் வைத்தார்கள், ஓலைக் கூரை வேய்ந்தார்கள், வெயில் தெரியாமல் வாழ்ந்தார்கள். அந்த வாழ்வுக்குத் திரும்ப வேண்டும்' என்றார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஓலைக்குக் கீழே குளிர்ச்சிதான். ஒரு டன் சிமெண்ட் செய்வதற்கு அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் ஓலைக் கூரை அவருக்கு ஒரு நினைவு. எங்களுக்கு அது எரிபொருள்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேரை அப்படியே வைத்துக் கொளுத்தினார்கள். அந்தக் குடிசைக்குக் கூரை எது? ஓலை. அரைப்படி நெல் கூடுதலாகக் கூலி கேட்ட கோபத்துக்கு ஒரு தீக்குச்சி போதுமாக இருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை சேரிகள். 1974இல் தாட்கோ தொடங்கியபோது அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன? ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவது. 'தீப்பிடிக்காத' என்ற அந்தச் சொல்லை யோசித்துப் பாருங்கள். வேறு எந்தச் சாதிக்காவது அரசு இப்படி ஒரு பெயரில் வீடு கட்ட வேண்டி வந்ததா? அடுப்புத் தீக்குப் பயந்து மட்டும் வந்த சொல் இல்லை அது.

ஆகவே எங்கள் சனம் கான்கிரீட் கேட்டது நாகரிக மோகத்தால் அல்ல. உயிர் பயத்தாலும் மரியாதைக்காகவும் கேட்டது. குனிந்து நுழைகிற வாசல் வேண்டாம், நிமிர்ந்து நுழைகிற வாசல் வேண்டும் என்று கேட்டது. அதையும் சும்மா விடவில்லை. 1995இல் கொடியங்குளத்தில் போலீசே புகுந்து வீட்டுக்குள்ளிருந்த டிவி, ஃபேன், தையல் மிஷின் என்று ஒன்றுவிடாமல் நொறுக்கியது. 2012இல் தருமபுரி நத்தம் காலனியில், பக்கத்துக் காலனிகளில், இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள். கூரை எரியாவிட்டாலும் உள்ளே இருந்ததெல்லாம் எரிந்தது. எங்கள் வீட்டில் ஒரு ஃபேன் சுற்றுவதே சிலர் கண்ணை உறுத்துகிற நாட்டில், எங்களிடம் வந்து மின்சாரத்தைக் குறை, ஓலைக்குத் திரும்பு என்று உபதேசம் பண்ணுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

நாங்கள் திரும்பப் போவதில்லை. கான்கிரீட் கூரை நாங்கள் வாங்கிய உரிமை. அந்தக் கூரையைக் குளிரவைப்பது உள்ளாட்சியின் கடமை. நான் சொல்லவந்த விஷயம் இது மட்டும்தான். மற்றதெல்லாம் இதற்கான கணக்கு வழக்கு.

*

அந்தக் கூரை ஏன் எரிக்கிறது என்று பார்ப்போம்.

காங்கிரீட் பலகை பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும். மே மாசத்து மத்தியானத்தில் வெறும் கூரையின் மேற்பரப்பு அறுபது டிகிரியைத் தாண்டும். குடித்ததை உடனே விடாது, மெல்ல மெல்லக் கீழே விடும். சாயங்காலம் வெளியே காற்று குளிரும்போதுதான் உள்ளே அடுப்பு பற்றும். அதனால்தான் ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவில் தூக்கம். ஃபேன் அந்த மேல்காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. அம்மா சொன்னது விஞ்ஞானம்.

வசதியுள்ளவர் வீட்டிலும் அதே கான்கிரீட்தான். ஆனால் அவர் கூரைக்கு மேல் தட்டோடு பதிக்கிறார், அல்லது வெள்ளை டைல்ஸ் ஒட்டுகிறார், அல்லது மாடி எடுக்கிறார். சன்னலுக்கு எதிரில் சன்னல் வைக்கிறார். பக்கத்தில் வேம்பு நிற்கிறது. எங்கள் தொகுப்பு வீட்டில் மதிப்பீட்டுத் தொகை கூரைப் பலகையோடு முடிந்துபோகும். தட்டோடு கிடையாது. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டுக்காரனோடு ஒட்டு, சன்னல் முன்னால் மட்டும். உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லை, வழியில்லாததால் உள்ளேயும் வருவதில்லை. மரம் வைக்க இடம்? ஊருக்கு மந்தை உண்டு, ஆலமரம் உண்டு, கோயில் திடல் உண்டு. காலனிக்கு அளந்து விட்டது வீட்டுக்கும் ரோட்டுக்கும் மட்டும்தான்.

2011இல் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. 300 சதுர அடி வீடு, சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்கு. பெயரிலேயே பசுமை. சூரியனிலிருந்து விளக்கை எடுத்தார்கள், சூரியனிடமிருந்து கூரையைக் காப்பாற்ற நினைக்கவில்லை. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும் 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. வீடு வருவதை நான் குறை சொல்லவில்லை. வரட்டும், இன்னும் வரட்டும். ஆனால் இத்தனை லட்சம் கூரைகளைப் போடுகிற அரசு, அந்தக் கூரைக்கு மேல் ஒரு கோட் வெள்ளைக்குப் பணம் ஒதுக்காமல் விட்டால், நாளைக்கு அந்தச் சனம் கடன் வாங்கி ஏசி போடும். இப்போதே ஆரம்பித்துவிட்டது. என் கவுண்டருக்கு வந்து நகையை அடகு வைத்து ஏசி வாங்குகிறார்கள் எங்கள் ஆட்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு, டயாலிசிஸ் நோயாளி இருக்கிற வீடு. வட்டியை நான்தான் எழுதுகிறேன். கட்டும்போதே செய்திருந்தால் மிச்சமாகியிருக்கும் மின்சாரமும் புகையும் ஒரு பக்கம், அடகுக் கடையில் தங்கிப்போகும் தாலி இன்னொரு பக்கம்.

இதற்கு மருந்து எங்கள் கையிலேயே இருந்தது என்பதுதான் கொடுமை. எங்க நைனா பொங்கலுக்குப் பொங்கல் ஊர்த் தெரு வீடுகளுக்கு வெள்ளையடிப்பார். சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டு நீற்றி, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையைத் தட்டிப் பிரஷ் ஆக்கி, மச்சு மேலேயும் ஒரு கை இழுப்பார். 'வெயில் எறங்காது' என்பார் வீட்டுக்காரர். எங்கள் வீட்டுக் கூரைக்கு அந்தச் சுண்ணாம்பு வரவில்லை. கூலி ஆள் வீட்டுக்கு எதற்கு வெள்ளை? இன்றைக்கு அதற்கு 'குளிர் கூரை' என்று பெயர் வைத்து உலகமெங்கும் பேசுகிறார்கள். புதிதாகப் பூசிய வெள்ளை, வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும். வெறும் சிமெண்ட் மூன்றில் ஒரு பங்கு அனுப்பினாலே அதிகம். கூரைக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி குறையும். இரண்டு டிகிரி என்பது ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு எண். எங்கம்மாவுக்கு அது கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதற்கும் தெருவில் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம். வயசுப் பெண்கள் தெருவில் படுக்கிறார்கள் என்றால் அது காற்றோட்டப் பிரச்சினை மட்டுமில்லை, அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

*

உள்ளாட்சியால் என்ன முடியும் என்று கேட்பார்கள். முடியும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே சாட்சி இருக்கிறது.

2003இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். உள்ளாட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து குழாய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கூரையிலிருந்து விழுகிற தண்ணீரைக் கேட்க உரிமை உள்ளவர்களுக்குக் கூரையில் விழுகிற வெயிலைக் கேட்க உரிமை இல்லையா?

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை என்ற கிராமப் பஞ்சாயத்து 2006இல் தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. தன் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. வங்கிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பஞ்சாயத்துக்குக் கடன் கொடுக்கலாம் என்று எழுதிய அந்தக் கையெழுத்து பெரிய விஷயம்.

2010 கோடையில் அகமதாபாத்தில் வெயிலால் ஏராளமானோர் செத்தார்கள். அந்த மாநகராட்சி 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ள ஒரு செயல்திட்டம் போட்டது. 2017இல் ஏழைகளின் குடியிருப்புக் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கியது. தெலங்கானா 2023இல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. அதை ஊன்றிப் படிக்க வேண்டும். அரசுக் கட்டடம், வணிகக் கட்டடத்துக்குக் கட்டாயம். வீடு என்றால் 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனைக்குக் கட்டாயம், அதற்குக் கீழே அவரவர் விருப்பம். பெரியவனைக் கட்டாயப்படுத்தியது சரி. ஆனால் சின்னக் கூரையை விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும்? கூலிக்காரனுக்கு விருப்பம் இருக்கும், காசு இருக்காது. அங்கே 'விருப்பம்' என்று எழுதக் கூடாது, 'அரசுச் செலவில்' என்று எழுத வேண்டும்.

பெரிய கட்டடங்களின் கதை வேறு. அவற்றுக்கு 2007இலேயே ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு வந்துவிட்டது, 2017இல் திருத்தினார்கள். 2022இல் சட்டத்தையே திருத்தி, 100 கிலோவாட்டுக்கு மேல் மின்சுமை உள்ள அலுவலகம், குடியிருப்பு வளாகம் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவர வழி செய்தார்கள். சட்டம் தில்லியில், விதி கோட்டையில், ஆனால் வரைபடத்தில் முத்திரை குத்துவது உள்ளாட்சி. அந்த முத்திரை விழும்போது யாராவது கேட்கிறார்களா? மேற்கு வெயில் நேராக அடிக்கிற பக்கத்தில் தரையிலிருந்து உச்சிவரை கண்ணாடி வைத்துவிட்டு, அந்தக் கண்ணாடிக்குள் நுழைந்த சூட்டை விரட்ட நூறு டன் ஏசி வைக்கிற ஜவுளிக்கடையை, கல்யாண மண்டபத்தை யாராவது நிறுத்தியதுண்டா? 2024 ஜூலையிலிருந்து 2500 சதுர அடி மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர் தானே சான்று கொடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அலைச்சலும் லஞ்சமும் குறையும் என்றால் மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சான்றுப் படிவத்தில் 'கூரைக்கு வெள்ளைப் பூச்சோ தட்டோடோ போடுகிறேன்' என்று ஒரு வரி சேர்க்க என்ன செலவு?

நியூயார்க் நகர மன்றம் 2019இல் ஒரு சட்டம் போட்டது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடம் இவ்வளவுதான் புகை விடலாம், தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். 2024இலிருந்து நடைமுறை. பெரிய கட்டடத்திலிருந்து ஆரம்பித்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. உலகத்துப் பணக்கார நகரமே பெரியவனைக் கேள்வி கேட்கிறபோது, இங்கே கதர்ச் சட்டைக்காரர் தொகுப்பு வீட்டைப் பார்த்து விரலை நீட்டுகிறார்.

*

இதுவரை 'உள்ளாட்சி' 'உள்ளாட்சி' என்று எழுதிவிட்டேன். எனக்கே கூச்சமாக இருக்கிறது. யாருடைய உள்ளாட்சி?

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களை எதிர்த்துப் பேசினார். கிராமத்தை அல்ல, தனிமனிதரையே அரசியல் சட்டம் அலகாகக் கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். அவர் பயந்தது என்ன என்பதை நாம் பார்த்துவிட்டோம். 1996இல் தனித்தொகுதியான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரைக்கும், பத்து வருஷம், ஒழுங்காகத் தேர்தல் நடக்கவிடவில்லை. மேலவளவில் தலைவராகிக் காட்டிய முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997இல் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பஞ்சாயத்துத் தலைவராக இருந்த ஒரு தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படத்தை நாடே பார்த்தது. மற்றவர்களுக்கு நாற்காலி, அவருக்குத் தரை. அந்த அறையின் ஃபேன் யார் தலைக்கு மேலே சுற்றியிருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இப்படிப்பட்ட பஞ்சாயத்தின் கையில் 'மின் சிக்கனம்' என்ற ஆயுதத்தைக் கொடுத்தால் அது முதலில் எங்கே பாயும்? எங்கள் ஊரிலேயே நடந்தது. தெருவிளக்கை எல்இடி-க்கு மாற்றினார்கள். நல்ல காரியம், பாதிக்குப் பாதி மின்சாரம் மிச்சம். ஊர்த் தெருவுக்கு முதலில் வந்தது. காலனிக்கு அடுத்த தவணையில் என்றார்கள். பழைய ட்யூப்லைட்டுகள் பழுதானபோது, 'எப்படியும் மாத்தத்தானே போறோம்' என்று அவற்றையும் சரி செய்யவில்லை. எட்டு மாசம் காலனி இருட்டில் கிடந்தது. பஞ்சாயத்தின் கரண்ட் பில் குறைந்தது. புள்ளிவிவரத்தில் பார்த்தால் வெற்றி. இருட்டில் பாம்பு கடித்த பையனின் அப்பாவிடம் போய் அந்த வெற்றியைச் சொல்லிப் பாருங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், மொத்தக் கணக்கு மட்டும் போதாது. எவ்வளவு குறைத்தோம் என்பதோடு யாரிடமிருந்து குறைத்தோம், யாருக்குக் கொடுத்தோம் என்று தெருவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். சாதி பார்க்காமல் சிக்கனம் பண்ணுகிறேன் என்பவன் சாதிப்படிதான் பண்ணுவான்.

நம் தோழர்களிலும் சிலர் கேட்கிறார்கள். 'வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலக்குகிற காலத்தில் ஏசி, வெயில் என்று எழுதுகிறாயே, இது மேட்டுக்குடிப் பிரச்சினை இல்லையா?' இல்லை தோழர். தண்ணீர்த் தொட்டி யாருடையது? பஞ்சாயத்துடையது. கூரையை அளவெடுத்துப் பணம் விடுவது யார்? பஞ்சாயத்தும் ஒன்றியமும். வெயில் எல்லாருக்கும் ஒன்று என்பது பெரிய பொய். வயலிலும் செங்கல் சூளையிலும் ரோட்டுத் தாரிலும் பகல் பூரா வெயிலை வாங்கியவன் ராத்திரியும் அதே வெயிலின் மிச்சத்தில் படுக்கிறான். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செத்தால் நிவாரணம் உண்டு. சாகாமல் இருக்கக் கூரை குளிர வேண்டும். நான் படித்த விடுதியில் நாற்பது பையன்களுக்கு ஒரு ஹால், இரண்டு ஃபேன். பரீட்சை மாசம் என்பது பங்குனி, சித்திரை. தூங்காமல் போய்ப் பரீட்சை எழுதியவனின் மார்க்கைப் பார்த்துத்தான் 'கோட்டா' என்று சிரித்தார்கள். மாணவத் தோழர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

*

ஆகவே கேட்க வேண்டியவற்றை நறுக்கென்று கேட்போம்.

ஒன்று. இனிக் கட்டுகிற ஒவ்வொரு அரசு வீட்டுக்கும் தட்டோடு அல்லது வெள்ளைப் பூச்சு, எதிரெதிர்ச் சன்னல், சன்னலுக்கு மேல் நிழல் பலகை ஆகியவை மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். பயனாளி தலையில் கட்டக் கூடாது.

இரண்டு. ஏற்கெனவே நிற்கிற கூரைகளுக்கு வருஷா வருஷம் மாசி முடிவதற்குள் உள்ளாட்சிச் செலவில் வெள்ளையடிக்க வேண்டும். தூசி படிந்தால் பயன் போய்விடும் என்பதால் வருஷா வருஷம். வேலை காலனி ஆட்களுக்கு, முழுக் கூலியோடு. ஆரம்பம் காலனியிலிருந்து. நகரத்தில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரி இடங்களின் உச்சி மாடிகளிலிருந்து.

மூன்று. பஞ்சாயத்து அலுவலகம், பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, விடுதி ஆகிய எல்லாவற்றிலும் பழைய ஃபேனை மாற்ற வேண்டும். பழசு 75 வாட் இழுக்கிறது, புதுரகம் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஒன்று ஓடுகிற மின்சாரத்தில் இரண்டு ஓடும். விடுதிப் பையன்களுக்கு அந்த இரண்டாவது ஃபேன் வேண்டும்.

நான்கு. பெரிய மண்டபம், கடை, ஆஸ்பத்திரி, வங்கி இவற்றின் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்த வருஷத்து மின் செலவை உள்ளாட்சி வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். 2020இலிருந்து விற்கிற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் ஓட ஆரம்பிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் ஆறு சதம் மின்சாரம் மிச்சம். இருபதில் ஓட்டுகிறவனிடம் ஏன் என்று கேட்க வேண்டும். என் வங்கியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏசி வெளிப்பெட்டி தெருவில் நடப்பவன் முகத்திலும் காவலாளி தலையிலும் அனல் ஊதக் கூடாது.

ஐந்து. காலனிக்கு நிழல். மந்தைவெளி மாதிரி ஒரு பொது இடம், அதில் வேம்பும் புங்கனும். புறம்போக்கு இல்லை என்று சொல்லாதீர்கள், ஆக்கிரமித்தவர்களிடம் கேளுங்கள்.

ஆறு. மிச்சமாகிற மின் கட்டணத்துக்குத் தனிக் கணக்கு. வரவும் செலவும் தெருவாரியாகக் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஆறிலும் நாம் போய் உட்கார வேண்டும். தரையில் அல்ல.

*

இந்தப் பங்குனியில் நானும் தம்பியும் எங்கள் கூரைக்கு வெள்ளையடித்தோம். சுண்ணாம்பை நீற்றிக் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட். நைனா இல்லை இப்போது. மட்டை பிடிக்கும் விதத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியப்பா சொல்லிக்கொடுத்தார். அவரும் ஊர்த் தெருவுக்கு அடித்தவர்தான். 'அடேய், நம்ம மச்சுக்கு நான் அடிக்கிறது இதுதான்டா மொதத் தபா' என்று சிரித்தார்.

அன்றைக்கு ராத்திரி அம்மா உள்ளே படுத்தாள். ரொம்பக் குளிர்ச்சி என்றெல்லாம் இல்லை. புழுக்கம் இருந்தது. ஆனாலும் படுக்க முடிந்தது, கதவைச் சாத்த முடிந்தது. அடுத்த நாள் எதிர்வீட்டு அத்தை வந்து கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'எங்க வூட்டுக்கு எப்பப்பா?' என்றாள்.

எங்கள் காலனியில் 112 வீடு. நானும் தம்பியும் எத்தனை கூரைக்கு அடிப்போம்? அடிக்கவும் கூடாது. இது தானம் பண்ணுகிற விஷயமில்லை. அத்தையிடம் சொன்னேன்: 'மே ஒண்ணாந்தேதி கிராம சபை அத்தை. எல்லாரும் வந்து கேளுங்க. நான் லீவு போட்டுட்டு வரேன்.'

112 கூரைக்கும் மனு எழுதியாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் கூரையின் நீளம், அகலம், சன்னல் எத்தனை, வீட்டில் எத்தனை பேர், போன கோடையில் எங்கே படுத்தார்கள் என்று ஐந்து கேள்வி. விடுமுறைக்கு வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் நிரப்புகிறார்கள். ஐந்தாவது கேள்விக்கு இதுவரை எல்லா மனுவிலும் ஒரே பதில்தான்: தெருவில்.